ஒட்டியவர்தான் பிரிக்க வேண்டும்

விசாரணை அடுத்த திங்கள்கிழமை என்றுதான் கடிதத்தில் போட்டிருந்தது. காலை ஒன்பதே முக்காலுக்குக் கம்பெனி ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள்.

"சார், தேதி மாறியிருக்கு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு. லிங்க் மெயில்ல அனுப்பியாச்சு. வீடியோவுல வந்துடுங்க."

பல் டாக்டரிடம் நேரம் மாற்றித் தருவது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். "போன தடவையே நீங்க வரலைன்னு எழுதியிருக்கு சார். இந்தத் தடவையும் வரலைன்னா நீங்க இல்லாமலே முடிவு எடுத்துடுவாங்களாம்."

போன தடவை அவர், அடிபட்ட கூட்டாளிக்காக ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதை யாரும் எழுதவில்லை. வராததை எழுத ஆள் இருக்கிறது, ஏன் வரவில்லை என்பதை எழுதத்தான் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'டேப்பு' என்று கூப்பிடுவார்கள், வயதில் சின்னவர்கள் ஒரு அண்ணன் சேர்த்து 'டேப்பண்ணே' என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

லிஃப்டுக்கு அடியிலோ மேலேயோ வேலை செய்யப் போகிறவன், முதலில் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்துப் பூட்டவும் வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. பூட்டுகள் கம்பெனி வேனில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அவற்றின் சாவிகள் எங்கே இருக்கின்றன என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் இவர்களாக ஒரு வழி வைத்திருந்தார்கள். சுவிட்சின் மேல் குறுக்காக ஒரு மஞ்சள் டேப். அதில் பேனாவால் ஒட்டிய நேரம். சட்டம் ஒன்றே ஒன்று: ஒட்டியவர்தான் பிரிக்க வேண்டும். உள்ளே போனவன் முழுசாக வெளியே வந்து, தன் காலால் மாடி ஏறி, தன் கையால் பிரிக்க வேண்டும். மற்றவர் டேப்பை மற்றவர் தொடக்கூடாது.

எல்லோரும் இதைப் பின்பற்றினார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மின்விசிறியைக் கழற்றினால் டேப். இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தால் டேப். ஒழுகும் குழாய்க்குக் கூட டேப், நேரத்தோடு. மனைவி முதல் இரண்டு வருடம் சிரித்தாள், அடுத்த இரண்டு வருடம் திட்டினாள், அப்புறம் தானும் பழகிக்கொண்டாள். இவருக்குச் சர்க்கரை கூடியபோது பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டி நேரம் எழுதி வைத்தாள். ஆறு மாதம் அந்த டப்பா அலமாரியில் அப்படியே இருந்தது. சர்க்கரைக்குப் பயந்த மனிதர் இல்லை அவர், டேப்புக்குப் பயந்தவர்.

அப்படிப்பட்டவர் மேல்தான் இப்போது பழி விழுந்திருந்தது.

பதினெட்டு நாளுக்கு முன் எட்டு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் வேலை. கூட இருந்தவன் 'நெட்டை'. பெயருக்கேற்ற உயரம், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கினால் தலை மட்டும் வெளியே தெரியும். நெட்டை இவரிடம் சாவி வாங்கி மேலே போய் சுவிட்சை அணைத்து, தன் டேப்பை ஒட்டி, அறையைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கினான். இவர் நாலாவது மாடியில் கதவுப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மெஷின் ரூமைத் திறந்து, டேப்பைப் பிய்த்து, சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். லிஃப்ட் இறங்கியது. நெட்டையின் அலறல் நாலாவது மாடி வரைக்கும் வந்தது. இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப் போனது.

மெஷின் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று இவரிடம், இன்னொன்று கட்டிட மேனேஜரிடம். மேனேஜர் தன் அறையை விட்டு நகரவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்சம் யார்? இவருடைய கம்பெனி போனை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும் வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். முடிவு பாதகமானால் லைசென்ஸ் போகும், கவனக்குறைவு என்று போலீஸ் கேஸும் வரும். அதைவிட, நெட்டையின் காலை நசுக்கியவன் என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். அவர் பக்கம் இருந்த சாட்சி அவருடைய ஒரே ஒரு வாக்கியம்தான்: 'அடுத்தவர் டேப்பை நான் வாழ்நாளில் தொட்டதில்லை.'

அதைச் சொல்ல இன்று பதினோரு மணிக்குத் திரையில் தெரிந்தாக வேண்டும்.

லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. கனத்த பழைய சாமான், மனைவியின் தம்பி புதிதாக ஒன்று வாங்கியபோது இவர்களுக்குத் தள்ளிவிட்டது. திறந்தார். எழுந்தது. மெயிலை அழுத்தினார். வட்டம் சுற்றியது, சுற்றியது, 'இணைப்பு இல்லை' என்றது. கீழே வலது மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

லிஃப்டில் எந்த மூலையில் எந்த ஒயர் போகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். இது ஒயரே இல்லாத சமாச்சாரம். எதைத் தொட்டுப் பார்ப்பது?

கையிலிருந்தது மனைவியின் பழைய பட்டன் போன். மச்சானைக் கூப்பிட்டார். அவன் வேறு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தான்.

"மாப்ள, நெட்டு வரலடா. பதினோரு மணிக்கு விசாரணை."

"திங்கக்கிழமைன்னு அக்கா சொன்னாளே?"

"மாத்திட்டாங்க. அதெல்லாம் அப்புறம். இப்ப என்ன செய்யணும், சொல்லு."

"பதறாதீங்க மாமா. ஒவ்வொண்ணா பார்ப்போம். மோடம்ல லைட் எரியுதா?"

"மோடம் மாடியில ஹவுஸ் ஓனர் வீட்டுல இருக்கு. அவங்க பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க."

"சரி, அப்ப ஒயர் போட்டு இழுக்கவும் வழியில்ல. மூலையில அந்தக் குறியை அழுத்துங்க. அக்கம்பக்கத்து வீட்டு நெட்டுப் பேரெல்லாம் வரிசையா வருதா?"

அழுத்தினார். "ஒண்ணுமே வரல. காலியா இருக்கு."

"ஒண்ணு கூடவா? எதிர்வீட்டுது, பக்கத்து வீட்டுது?"

"ஒரு எழுத்து கூட இல்லடா."

"அப்ப மோடம் மேல தப்பில்ல மாமா. உங்க மிஷின்லயேதான் வயர்லெஸ் தூங்குது. எழுப்பணும்."

எழுப்பும் வேலை ஆரம்பமாயிற்று. விமானம் போல ஒரு படம் இருக்கும், அது எரிகிறதா என்றான். எரியவில்லை. அணைத்துப் போடச் சொன்னான். போட்டார். அந்த லேப்டாப் அணைந்து எழுவதற்குள் ஒரு ஆள் குளித்துவிட்டு வந்துவிடலாம். பத்து மணி பன்னிரண்டு நிமிடம். மறுபடியும் சிவப்புப் பெருக்கல்.

கீழ் வரிசையில் நீல எழுத்துப் பட்டனோடு மேல் வரிசையில் ஆண்டெனா படம் போட்ட பட்டனைச் சேர்த்து அழுத்தச் சொன்னான். அழுத்தினார். திரை இருட்டியது.

"ஐயோ, இருட்டாயிடுச்சுடா!"

"பக்கத்துப் பட்டனை அழுத்திட்டீங்க, அது வெளிச்சத்தைக் குறைக்கிறது. மறுபடி அழுத்துங்க."

வெளிச்சம் வந்தது. நெட் வரவில்லை. கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதைத் திறக்கச் சொன்னான். திறந்தார். அது பச்சைக் கோடு ஒன்றை இடமும் வலமும் ஓட்டி, 'தேடுகிறேன், தேடுகிறேன்' என்று நாலு நிமிடம் பாவனை காட்டியது. நடுவில் ஒருமுறை எழுந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனார், பூட்டு தொங்கியது. வேலைநாளில் அந்தத் தெருவில் இந்நேரத்துக்கு வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பிள்ளை தான்தான் என்ற நினைப்பு அவரைக் குத்தியது. முக்குக் கடையில் முன்பு நெட் சென்டர் இருந்தது. இப்போது அங்கே போனுக்கு உறை விற்கிறார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது ஜன்னல் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தது. எழுத்துக் கூட்டி மச்சானுக்குப் படித்துக் காட்டினார்.

மச்சான் அந்தப் பக்கம் தொடையில் தட்டும் சத்தம் கேட்டது. "ஹா! நான் ஒரு முட்டாள். அது பழைய மாடல்ல? அதுக்கு வெளியிலயே ஒரு சுவிட்ச் உண்டு மாமா. உங்க பக்கம் இருக்கிற விளிம்புல, உள்ளங்கை வைக்கிற இடத்துக்குக் கீழ பாருங்க. நகம் அளவுக்கு, நகர்த்துற மாதிரி."

அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. திறக்கும்போதே பார்த்துவிட்டார்.

"அந்த இடத்துல டேப் ஒட்டியிருக்குடா."

"டேப்பா? பிச்சுப் போடுங்க."

"என் டேப் இல்ல மாப்ள."

"என்ன மாமா சொல்றீங்க?"

"உங்க அக்கா ஒட்டினது. நேரம் எழுதியிருக்கா. காலை அஞ்சு இருபது."

திறந்தவுடன் கண்ணில் பட்ட மஞ்சள் டேப்பை இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று மச்சானுக்குப் புரியவில்லை. அவருக்கோ அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று புரியவில்லை. டேப் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தேடுவதுதான் இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்த இடம் அவர் கணக்கிலேயே இல்லை.

"மாமா, மணி பத்தே முக்கால். பிச்சுடுங்க."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"ஒரு நெட் சுவிட்சுக்கா? யாரு உள்ள மாட்டிக்கிட்டிருக்கா?"

கோபத்தில் சொன்னானே தவிர, சொன்ன பிறகு மச்சானே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் போனை வைத்தார்.

மனைவி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். பன்னிரண்டரைக்குத்தான் கைக்கு வரும். அது தெரிந்தும் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டார். விடியற்காலையில் எழுந்து, கணவன் தூங்கும்போது லேப்டாப்புக்கு டேப் ஒட்டுகிறாள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

பத்து ஐம்பத்தி ரெண்டு.

கட்டைவிரல் நகத்தை டேப்பின் ஓரத்தில் வைத்தார். நெட்டையின் டேப்பும் இதே மஞ்சள், இதே அகலம். பிரித்தார்.

சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. ஷாக் அடிக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவு லேசா என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு நாளாக மெஷின் ரூமில் டேப்பைப் பிய்த்த கையை ஒரு ராட்சசன் கையாகவே நினைத்து வந்தார். அவசரத்தில் இருக்கிற எந்தக் கையும் போதும் என்று இப்போது தெரிந்தது. தெரிந்தது பிடிக்கவில்லை.

நகத்தால் சுவிட்சை வலது பக்கம் தள்ளினார். அதன் பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு நீல விளக்கு எரிந்தது. சிவப்புப் பெருக்கல் மறைந்து, கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின.

நெட் வந்ததும் முதலில் வந்தது மெயில் இல்லை. கம்பெனி போன் போன பிறகு அவர் லேப்டாப்பில் பார்த்துவந்த மெக்கானிக்குகளின் குழுவில் இரவு முழுக்க வந்த செய்திகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. அவர் படிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கண் படித்துவிட்டது. 'நெட்டை காலை எடுத்துட்டாங்க.' 'முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்களாம்.' 'பாவி டேப்பு நல்லா இருப்பானா.' கடைசிச் செய்தி அதிகாலை நாலே முக்காலுக்கு வந்தது.

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மணி பத்து ஐம்பத்தி ஒன்பது. லிங்கை அழுத்தினார்.

திரையில் நாலு கட்டங்கள். ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மாள். ஒன்றில் கம்பெனி இன்ஜினியர். ஒன்றில் கட்டிட மேனேஜர், பின்னால் பூந்தொட்டி. நாலாவதில் சவரம் செய்யாத ஒரு முகம். அது தன்னுடையதுதான் என்று உறைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பழைய கேள்விகளே வந்தன. எத்தனை மணிக்குப் போனீர்கள், சாவி எங்கே இருந்தது, நாலாவது மாடியில் உங்களைப் பார்த்தவர் யார். யாரும் பார்க்கவில்லை. மேனேஜர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி அவருடைய வாக்குமூலத்தைப் புரட்டினாள்.

"அடுத்தவர் டேப்பை வாழ்நாள்ல தொட்டதில்லைன்னு எழுதியிருக்கீங்க. நேரமில்ல, மேலிருந்து அவசரப்படுத்தறாங்க, கேக்கலாம்னா ஒட்டினவர் பக்கத்துல இல்ல. அப்பவும் எடுத்திருக்க மாட்டீங்களா?"

இருந்த ஒரே வாக்கியம் அது. 'மாட்டேன் மேடம்' என்றால் முடிந்தது. வாய் திறந்தது. நெட்டை இந்நேரம் கண் விழித்திருப்பான், போர்வையைத் தடவிப் பார்த்திருப்பான் என்று தோன்றியது. பொய் வரவில்லை.

"இல்லைன்னு சொல்ல முடியாதுங்க மேடம். இப்ப கொஞ்சம் முன்னாடி ஒண்ணு எடுத்தேன்."

இன்ஜினியர் நிமிர்ந்தார். "எழுதிக்கலாமா மேடம்?" என்றார், சந்தோஷத்தை மறைக்காமல்.

"இருங்க. என்ன எடுத்தீங்க?"

சொன்னார். நெட் வராதது, மச்சான், சுவிட்ச், மனைவியின் டேப் எல்லாம் சொன்னார். "மூணு தடவை கூப்பிட்டேங்க. அவ போன் லாக்கர்ல இருக்கும். நேரமாச்சு. எடுத்துட்டேன். எடுத்தது தப்புதான். இத்தனை வருஷத்துல முதல் தடவை. அதனால அந்த வரியை நீங்க அடிச்சுடணும்."

அந்த வரி போனால் தன் பக்கம் ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

"எடுத்த டேப் எங்கே?" என்றாள் அதிகாரி.

அவர் மேஜையைப் பார்த்தார். இல்லை. கீழே குனிந்து பார்த்தார். இல்லை. கையால் முகத்தைத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தார். இடது புறங்கையில், விரல் மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டினார் என்று அவருக்கே நினைவில்லை.

"கேமரா பக்கம் காட்டுங்க."

காட்டினார். 'காலை 5.20' என்று மனைவியின் சாய்ந்த கையெழுத்து.

"ஏன் கையில ஒட்டினீங்க?"

"ஒட்டினவங்ககிட்ட திருப்பிக் குடுக்கணுமே மேடம். சொந்த டேப்பையும் நாங்க அப்படித்தான் பிரிச்சதும் கையில ஒட்டிக்குவோம். நேரம் இருக்குல்ல, சாயங்காலம் நோட்டுல ஒட்டுவோம்."

"கசக்கிப் போட மாட்டீங்களா?"

"எதுக்குங்க கசக்கணும்?" கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

தாள்கள் புரளும் சத்தம். அதிகாரி ஒரு புகைப்படத்தை எடுத்துக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தாள். "மெஷின் ரூம் தரையில கிடைச்ச டேப் கோலிக்குண்டு மாதிரி உருட்டியிருக்கு" என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி.

"அவசரத்துல யாரா இருந்தாலும் கசக்குவாங்க மேடம், அது ஒரு சாட்சியா?" என்றார் இன்ஜினியர்.

"இல்லதான். குறிச்சு வைக்கறேன். மேனேஜர் சார், அன்னைக்குக் காலையில இவருக்கு எத்தனை தடவை போன் பண்ணீங்க?"

மேனேஜர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். "ரெண்டு தடவை... ஞாபகம் இல்ல மேடம். ஆளுங்க எட்டு மாடி ஏறிட்டிருந்தாங்க. எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க."

கேட்டுக்கொண்டிருந்த இவருக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது, அதோடு, கட்டைவிரல் நகத்தில் இன்னும் மிச்சமிருந்த பசையின் பிசுபிசுப்பும் தெரிந்தது. அடுத்த அமர்வு எட்டு நாள் கழித்து, எல்லோரும் நேரில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி மறைந்தாள். ஜெயித்தோமா, தோற்றோமா என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பன்னிரண்டு முப்பத்தி ஒன்றுக்கு மனைவி கூப்பிட்டாள். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"என்னங்க, மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க?"

"விசாரணையை இன்னைக்கே வச்சுட்டாங்க. உன் டேப்பை எடுத்துட்டேன்."

அவள் விசாரணையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அப்ப படிச்சுட்டீங்களா?" என்றாள்.

"படிச்சேன்."

"நான் வந்து சொல்லலாம்னு இருந்தேங்க. பக்கத்துல உக்காந்து சொல்லலாம்னு. தனியா இருக்கும்போது உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான்..."

விடியற்காலை இருட்டில் அவள் லேப்டாப்பில் அந்தச் செய்தியைப் படித்ததையும், சத்தம் போடாமல் அழுததையும், டேப் உருளையைத் தேடி எடுத்ததையும் அவர் நினைத்துப் பார்த்தார். உலகத்தில் இவர் தொடாத பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். அதை நம்பித்தான் வேலைக்குப் போனாள். பதினெட்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, போனைக் காதில் வைத்தபடியே அழுதார். அவள் வைக்கவில்லை.

அவர் அழுது முடித்ததும் அவள் சொன்னாள். "அந்தச் சுவிட்சை அணைச்சுடுங்க. மறுபடி ஒட்டி வைங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையைப் பார்த்துட்டு வரலாம்."

"அணைச்சுடறேன். ஒட்டறதை நீ வந்து ஒட்டு" என்றார். "அது உன் டேப்பு."

சுவிட்சை இடது பக்கம் தள்ளினார். நீல விளக்கு அணைந்தது. மத்தியானம் வலது கையால் சாப்பிட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் கழுவினார். அவள் வரும்வரை இடது கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார்.